எழிலின் உதட்டுப் புண்

1

இன்று காலை எழிலின் கீழுதட்டில் மறுபடியும் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. நேற்றுச் சாயந்திரமே "அப்பா, இங்க குறுகுறுங்குது" என்று உதட்டைத் தொட்டுக் காட்டினாள். கடுகு அளவில் மூன்று கொப்புளங்கள். களிம்பு தடவினேன். கை கழுவ வைத்தேன். கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்கு விளங்குவதற்கு ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சூடாகிறது. போனில் பேசும்போது ஊர்க்காரர்கள், "அங்கல்லாம் சுத்தம், ஒழுங்கு, இன்னார் இனியார்னு பாக்கமாட்டாங்க" என்பார்கள். நானும் "ஆமா, ஆமா" என்று சொல்லி வைப்பேன். அது பொய். இங்கே யாராவது என் ஊரைப் பற்றிக் கேட்டால், கடல், உப்பு, அன்பான ஜனங்கள் என்று சொல்லி வைப்பேன். அதுவும் பொய். இரண்டு பொய்யையும் எழுதித் தீர்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அந்தோணிதாஸ். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய காலனி. அப்பா, அம்மா இருவரும் உப்பு வாரியவர்கள். நானும் பள்ளி லீவில் வாரியிருக்கிறேன். மனைவி ராணி நர்ஸ். இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகள் மூடிக்கிடக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. 2004இல் நானும் மகள் எழிலும் பின்னாலேயே வந்து சேர்ந்தோம். என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை, நான் 'சார்ந்திருப்பவன்' என்றது. ஊரில் உப்புக் கம்பெனிக் கணக்கெழுத்தனாக இருந்தவன் இங்கே ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் பகல் வேலைக்குச் சேர்ந்தேன். ராணிக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஆகவே எழிலைக் கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது, படிவம் நிரப்புவது, டீச்சரம்மாக்களிடம் சிரிப்பது எல்லாம் என் பொறுப்பு.

அந்தச் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் அவள் பெயரை யாருக்கும் சொல்ல வரவில்லை. 'ழ' நாக்கில் ஏறவில்லை. சித்திரம் தீட்டப் படத்தை மாட்டும் பலகைக்கு அவர்கள் மொழியில் 'ஈசல்' என்று பேர். என் மகளையும் அப்படியே கூப்பிட்டார்கள். "ஈசல்! ஈசல்!" மழை விட்டதும் விளக்கைச் சுற்றி வந்து விழுமே, அந்த ஈசல். நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். முதல் தப்பு அது.

2

போன வருஷம் அக்டோபரில் ஒரு நாள். சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து கையாட்டினார். "டாஸ், உன் பிள்ளையின் பள்ளியிலிருந்து போன். உடனே வரணுமாம்."

என்ன நினைத்து ஓடினேன் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. இரண்டு மைல் ஓடினேன்.

எழில் நடைவழியில் இருந்தாள். கோட்டுகள் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, ஒரு சின்ன நாற்காலியில், தனியாக. கையில் காகிதக் கைக்குட்டை கொடுத்து வாயில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மூன்றே முக்கால் வயதுப் பிள்ளை அரை மணி நேரமாக அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. கை வலித்தால் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டது.

பள்ளியின் மேலாளர் அம்மாள் வந்தார். நான் கீழே உட்கார்ந்து மகளைத் தூக்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மறைத்திருக்கிறீர்கள்."

"எதை மேடம்?"

"டாக்டரிடம் போயிருக்கிறீர்கள். 'அப்பா கூட டாக்டர் கிட்ட போனேன்' என்று அவளே சொன்னாள். காலையில் எங்களிடம் என்ன சொன்னீர்கள்? 'கோல்டு' என்று சொன்னீர்கள்."

உண்மைதான். அப்படித்தான் சொன்னேன். முந்தின நாள் டாக்டர் எழிலின் உதட்டைப் பார்த்துவிட்டு, "வெறும் கோல்டு சோர், பயப்படாதே" என்றார். எனக்குக் கேட்டது 'கோல்டு'. கோல்டு என்றால் சளி. குளிர் தேசத்தில் சளி பிடித்தால் உதடு வெடிக்கும்போல என்று எடுத்துக்கொண்டு, பிள்ளையின் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றி அனுப்பினேன். பள்ளிப் படிவத்தில் 'ஏதாவது நோய் உண்டா' என்ற கட்டத்தில் என் அழகான கையெழுத்தில் 'கோல்டு' என்றே எழுதினேன். புண் என்று பொருள்படும் அந்த 'சோர்' என்ற ஒரு சொல்லை விட்டதற்கு நான் பொய்யனாகிவிட்டேன்.

அதை எப்படி அவருக்கு விளக்குவது? மூச்சு வாங்கியது. வாயில் வந்தது ஒன்றுதான். "சாரி மேடம். தேங்க் யூ."

எதற்கு அந்தத் தேங்க் யூ? இன்று வரைக்கும் அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

3

அன்று ராணி வீட்டுக்கு வந்ததும் எழிலை மடியில் போட்டு, வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்தாள்.

"இது சளி இல்லீங்க. ஹெர்ப்பிஸ். நம்ம ஊர்ல வாயோரத்துல அக்கின்னு சொல்வாங்களே, அந்த மாதிரி. ஆகஸ்ட்ல ஜுரம் அடிச்சி வாய் பூரா புண்ணா இருந்துச்சே, அப்ப வந்தது. உள்ளயே தங்கிடும். ஜுரம் வந்தா, வெயில் பட்டா, மறுபடி மறுபடி வரும். ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும்."

"யார்கிட்டருந்து வந்துச்சு?"

அவள் என் வாயைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வரும். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது. பாத்தியில் உப்பு பூத்துக் கிடக்கும்போது கீழிருந்தும் அடிக்கும். கோடையில் ஒரு வாரம் வாரினால் எனக்கு உதட்டோரம் கொப்புளித்துவிடும். பாதிப் பேர் வாயில் அது இருந்தது. சூட்டுக் கொப்புளம் என்போம். மோரைத் தடவுவோம், மறந்துவிடுவோம். பிள்ளை பிறந்தபோது ஊரே கொஞ்சியது, நானும் கொஞ்சினேன். ஆகஸ்ட் மாதம் என் உதட்டில் புண் இருந்ததும், அதோடு அவள் தட்டில் மீந்ததை அதே ஸ்பூனால் தின்றதும், அவளுக்கு ஊட்டியதும் நினைவுக்கு வந்தன.

"நாந்தான் குடுத்திருக்கேன்."

"குடுத்தீங்க. யாராவது குடுத்திருப்பாங்க. இப்ப அதுக்கு அழுவப்போறீங்களா? புண்ணு இருக்கறப்ப முத்தம் குடுக்காதீங்க, ஒரே கப்புல குடிக்காதீங்க, தொட்டா கையக் கழுவுங்க. அவ்ளோதான். ஸ்கூலுக்கு அனுப்பலாம். எங்க ஆஸ்பத்திரிலயே கேட்டுட்டேன், வீட்ல வெக்கணும்னு அவசியம் இல்ல."

பள்ளி ஒப்பவில்லை. பொருக்கு உதிர்ந்து தோல் மூடும் வரைக்கும் வரக் கூடாது என்றார்கள். வரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்களாம். டாக்டரின் கிளினிக் முன்மேசையில் இருந்த பெண், "பள்ளிகளுக்கு நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, கடிதம் தேவைப்படாத ஒன்றுக்கு ஏன் கடிதம் கேட்கிறார்கள் என்று அவர்களைக் கேளுங்கள்" என்றாள். பள்ளியில் போய்க் கேட்டேன். "கடிதம் தேவையில்லை என்று டாக்டர் கடிதம் கொடுப்பாரா?" என்றார்கள். கேலி செய்கிறார்களோ என்று முகத்தைப் பார்த்தேன். முழு மனதோடுதான் கேட்டார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே நான்கு நாள் நடந்தேன். மழையில், குடையில்லாமல், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு. சலவைக்கூடத்தில், இன்னொரு முறை இப்படி லீவு போட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

ஒன்பதாவது நாள் பொருக்கு உதிர்ந்தது. எழில் பள்ளிக்குத் திரும்பினாள்.

4

திரும்பிய பிறகு அவள் மாறிவிட்டாள். வீட்டில் முத்தம் கொடுக்கக் குனிந்தால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். புண் ஆறிப் பல நாள் ஆகிவிட்டது. அப்போதும் அப்படித்தான். தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் உட்காருவாள். ஒரு நாள் ராணி கட்டாயமாகப் பிடித்து இழுத்து அணைத்தபோது திமிறிக்கொண்டு ஆங்கிலத்தில் கத்தினாள்:

"தொடாதே! நான் ஜெர்ம்ஸ்!"

எனக்கு ஜெர்ம்ஸ் இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் ஜெர்ம்ஸ் என்றாள். மொழியைச் சரியாகப் பேசத் தெரியாத பிள்ளை சொன்ன தப்பு என்று ராணி என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். 

மறுநாள் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போனேன். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் வட்டமாக நின்று கை கோத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். எழில் வட்டத்துக்கு வெளியே தன் கைகளைத் தானே கோத்துக்கொண்டு நின்றாள். பிசைந்த மாவில் பொம்மை செய்யும் மேசையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்துத் தனி மேசை. தண்ணீர் நேரத்தில் எல்லாருக்கும் நீலக் கோப்பைகள். அவளுடைய கோப்பையில் மட்டும் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது.

மாவு மேசையில் ஆர்ச்சி என்ற பொன்முடிப் பையன் இருந்தான். அவன் மேலுதட்டில் பழுப்புநிறப் பொருக்கு. அதே புண். அவன் அதைச் சொறிந்துவிட்டு அதே விரலால் மாவைப் பிசைந்தான். பக்கத்தில் இருந்த டீச்சர் அவன் செய்த யானையைப் பார்த்துக் கை தட்டினார்.

உள்ளே போனேன். சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் மகளின் போட்டோ. கீழே தப்பான எழுத்துக் கூட்டலில் அவள் பெயர். அதற்குக் கீழே சிவப்பு மையில் அந்த நோயின் பெயர். பிள்ளைகளை விட வரும் எல்லாத் தாய்களும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னிடம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திடீரென்று என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதே பள்ளிதான், நாங்கள் சேர்ந்த மாதத்தில் எங்கள் கடற்கரையை அலை அடித்துப் போனது என்று வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்துச் சில்லறை சேர்த்தது. "உங்கள் மக்களுக்காக" என்று என் தோளைத் தட்டினார் இதே மேலாளர் அம்மாள். எனக்குக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

அங்கே நின்றபோது வேறு ஒரு வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. நானும் தங்கச்சி அமலாவும் உப்பளத்துப் பக்கம் படித்த பள்ளி. எந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன். காலனிப் பிள்ளைகள் பானையைத் தொடக் கூடாது. ஒருவர் மேலிருந்து ஊற்றுவார், நாங்கள் கையேந்திக் குடிப்போம். இரண்டாம் வகுப்பில் எனக்கு வாயில் கொப்புளம் வந்தபோது வாத்தியார், "மூஞ்சப் பாரு, உப்புல ஊறுன கழுத. போய் வெளிய குந்து" என்றார். நான்கு நாள் வெளியே உட்கார்ந்தேன். அப்பா வந்தார். கேட்பார் என்று நினைத்தேன். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லாக் கழுவி அனுப்பறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காக அவர் சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தேன். அவராவது தேங்க் யூ சொல்லவில்லை.

5

"மேடம், அந்தப் பையனுக்கும் வாயில் இருக்கிறதே," என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"மற்றக் குழந்தைகளின் உடல்நிலையைப் பற்றி உங்களிடம் பேச முடியாது. அது ரகசியம்."

"அப்போ இது?" கதவில் இருந்த தாளைக் காட்டினேன்.

"அது பாதுகாப்பு."

அதற்குமேல் என் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. தமிழ் வந்தது. எங்கள் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி கூப்பிட்டுப் பேசும் குரலில் வந்தது.

"ஏம்மா, ஒனக்குக் கண்ணு இல்ல? எம் புள்ள வாயிதான் தெரியுமா ஒனக்கு? அந்தப் பையன் வாயில இன்னா, சந்தனமா பூசியிருக்குது? போட்டோ போட்டு ஒட்டறதுக்கு எம் புள்ள இன்னா திருடியா?"

அந்தத் தாளைப் பிய்த்தேன். பிள்ளைகள் எல்லாம் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எழில் அழுதாள். அவளுக்காகக் கத்துகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தான் ஏதோ செய்துவிட்டதால் அப்பா கத்துகிறார் என்று நினைத்திருக்கிறாள். "சாரி அப்பா, சாரி அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கடிதம் வந்தது. நான் மூர்க்கமாக நடந்துகொண்டேனாம். ஊழியர்கள் அச்சமடைந்தார்களாம். இனி தாய் மட்டுமே வந்து பிள்ளையை விடவும் அழைக்கவும் வேண்டுமாம். எனக்குக் கிடைக்காத கடிதம் டாக்டருடையது மட்டும்தான். மற்றக் கடிதமெல்லாம் சுலபமாக வந்தது.

ராணி அதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாள்.

"நீங்க கத்தினது அவங்களுக்குத்தான் சௌகரியமாப் போச்சி. நேத்து வரைக்கும் பேச்சு கப்பப் பத்தி. இனிமே பேச்சு ஒங்களப் பத்தி. தெரியுதா?"

"அப்ப சும்மா இருக்கச் சொல்றியா?"

"சும்மா யாரு இருக்கச் சொன்னா? எனக்கும் எரியுது. எரியறத எடுத்து எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உப்புக் கம்பெனியில் எழுதிப் பழகிய கையெழுத்து. தேதி, என்ன நடந்தது, யார் சொன்னது, தாள் எந்தக் கதவில் இருந்தது, கோப்பையில் என்ன நிற நாடா. ஆஸ்பத்திரியில் தொற்று நோய்களைக் கவனிக்கும் மூத்த நர்ஸ் ஒருவர், இந்தப் புண்ணுக்காகப் பிள்ளையை ஒதுக்கத் தேவையில்லை என்று தன் கையொப்பத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ராணி வேலை முடிந்த சீருடையோடு போய் எல்லாவற்றையும் மேலாளர் மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லையாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே புண். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் நாடா?" மேலாளர் பதில் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லையாம். முக்கால் மணி நேரம் ஆனதாம்.

நாடா போனது. தாள் மறுபடி ஒட்டப்படவில்லை. நானும் போகலாம் என்று ஆனது. 'ஏற்பட்டிருக்கக்கூடிய சங்கடத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி வந்தது. ஏற்பட்டிருக்கக்கூடிய! ஏற்படவே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பதுபோல. லிண்டா என்ற உதவியாளப் பெண் மட்டும் ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்து, "அந்த நாடாவை நான்தான் ஒட்டினேன். ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியிருக்கக் கூடாது" என்றாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்தப் பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே மன்னிப்பு அது.

எழில் வாயைப் பொத்துவதை நிறுத்த அடுத்த தை மாதம் ஆனது.

6

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. வெள்ளைக்காரன் செய்தான், நாங்கள் எதிர்த்தோம், வென்றோம். ஊரில் இதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இந்த வருஷம் ஜூலையில் எழிலோடு ஒரு மாத லீவில் போய் இறங்கினேன். அமலாவிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் மருமவள எப்படி பண்ணியிருக்காளுங்க பாருண்ணா! அவளுங்க வாயில புழு வெக்க!"

அமலா எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பால்வாடியில் டீச்சர். எந்த ஊர் என்று அவளே எழுதக் கூடாது என்றுவிட்டாள். பகலில் எழிலையும் கூட்டிப்போனாள். நாலைந்து நாளில் வெயில் தன் வேலையைக் காட்டியது; எழிலின் உதட்டில் கொப்புளம். நான் களிம்பு தடவி, இன்றைக்கு வேண்டாம் என்றேன். "அட, நீ வேற. சூட்டுக் கொப்புளம் யாருக்கு வரல?" என்று அமலா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மதியம் நான் பால்வாடிக்குப் போனேன். பாயில் நடுநாயகமாக எழில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் அவள் கவுனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. வாசற்படிக்கு வெளியே, நிழல் முடியும் இடத்தில், ஒரு சின்னப் பெண் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது இருக்கும். உதட்டில் காய்ந்த பொருக்கு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர். பெயர் வள்ளி. உப்பளத்தில் வேலை செய்யும் இருளர் குடும்பத்துப் பிள்ளை.

"இந்தப் புள்ள ஏன் வெளிய இருக்குது?"

"வாயில புண்ணுண்ணா. மத்ததுங்களுக்கு ஒட்டிக்கும்."

நான் அமலாவின் முகத்தையே பார்த்தேன். அவளுக்கு நான் கேட்பது புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. நான் எழிலைக் காட்டினேன். அப்போதுதான் முகம் சுருங்கியது. கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கத்தாத. ஒனக்கு இன்னா தெரியும்? நீ ஒரு மாசம் இருந்துட்டு பிளேன் ஏறிடுவ. அந்தப் புள்ளய உள்ள ஒக்கார வெச்சா நாளைக்கே நாலு தாய்மாருங்க புள்ளைங்கள அனுப்பமாட்டாளுங்க. எனக்குத்தான மேல இருந்து கேள்வி வரும்?"

"நம்ம ரெண்டு பேரும் கையேந்தித் தண்ணி குடிச்சோமே அமலா."

"குடிச்சேன். அதுக்கு? நான் ஒருத்தி ஊரத் திருத்த முடியுமா?"

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். வீட்டில் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. நியாயத்துக்காகத் தங்கச்சியையே பகைத்துக்கொண்டவன் என்று. மூன்றாம் நாள் அமலா தானாகவே வந்து, "வள்ளி ரெண்டு நாளா வரலண்ணா" என்றாள்.  செருப்பை மாட்டினாள். எழிலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

வள்ளியின் அம்மா கன்னியம்மா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வரப்பில் வந்து நின்ற எங்களைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"இன்னா டீச்சரம்மா, புள்ள ஏன் வரலன்னு கேக்க வந்தியா? நீதான வாசல்ல குந்த வெச்ச."

"புண்ணு இருந்திச்சி கன்னியம்மா. ஒட்டிக்கும்னு மத்தவங்க சொல்றாங்க. ஆறினதும் அனுப்பு."

கன்னியம்மா நிமிர்ந்தாள். உப்பு வாரும் வாரியின் கட்டையால் என் இடுப்பில் இருந்த எழிலைக் காட்டினாள்.

"இந்தப் புள்ள வாயில இருக்கறது இன்னா? இதுக்கு மட்டும் நடுவுல பாயி. இது பிளேன்ல வந்த புண்ணு, எம் புள்ளது சேத்துல வந்த புண்ணா?"

அமலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவசரமாக, "நான் அன்னைக்கே சொன்னேம்மா, தப்புன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"யார்கிட்ட சொன்ன?"

"தங்கச்சிகிட்ட."

"தங்கச்சிகிட்ட சொன்ன. எம் புள்ளய உள்ள தூக்கியாந்து ஒக்கார வெச்சியா? எங்கிட்ட வந்து சொன்னியா? ரெண்டு நாளா நீ இன்னா பண்ண?"

 கன்னியம்மா ராணியைப் போல எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கவும் இல்லை. என்னைப் போலக் கத்தவும் இல்லை. நேராகக் கேட்டாள். நான் இங்கிலாந்தில் ஒரு வருஷமாகத் தேடிய சொற்கள் அவளிடம் கைவசம் இருந்தன. அவற்றைக் கேட்டுக்கொள்ளும் இடத்தில், அந்த மேலாளர் அம்மாள் இருந்த இடத்தில்தான் நான் இருந்தேன். வெயில் கீழிருந்தும் அடித்தது. எழில் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானே கூட்டியாறேன்," என்றாள் கன்னியம்மா. "எங்க ஒக்கார வெக்கறன்னு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்." மறுபடி குனிந்து வார ஆரம்பித்தாள். 

திரும்பும் வழியில் அமலா வீடு வீடாக நின்றாள். நாளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தன் டம்ளரைக் கொண்டுவர வேண்டும், ஒருத்தர் டம்ளரில் இன்னொருத்தர் குடிக்கக் கூடாது என்று சொன்னாள். ஒரு பெண், "அந்த இருளப் பொண்ணும் உள்ளதான் ஒக்காருமா?" என்று கேட்டாள். அமலா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உள்ளதான் ஒக்காரும். எங்கண்ணன் புள்ளைக்கும் அதே புண்ணுதான். ரெண்டுத்துக்கும் மருந்து போட்டுடறேன்" என்றாள். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கன்னியம்மா வந்தாள். வேலைக்குப் போகும் பழைய சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தாள். வள்ளிக்குத் தலை வாரி எண்ணெய் வைத்திருந்தது. அமலா இரண்டாவது பாயையும் சேர்த்து விரித்து, முதல் வரிசையில் மூன்றாவதாக வள்ளியை உட்கார வைத்தாள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் வரவில்லை. கன்னியம்மா வாசலில் நின்றாள். பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்து, சத்துமாவு உருண்டை வாங்கித் தின்று, தண்ணீர் குடிக்கும் வரைக்கும் நின்றாள். உப்பளத்துப் பக்கமிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. பிறகு ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வரப்பில் இறங்கி வேகமாக நடந்து போனாள்.

அமலா பாயின் ஓரத்தை நீவிவிட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளைக்கும் வந்து நிப்பாண்ணா அவ."

"நிக்கட்டும்."

பாயின் மறு ஓரத்தையும் நீவிவிட்டு அவளும் சொன்னாள். "நிக்கட்டும்."